இறக்கிவைத்த படம்: கைப்பேசிப் பதிவிறக்கமும் கேரள எல்லைப்புறத் தமிழ்ப் பார்வையாளரும்

தமிழ்த் திரைப்படம் குறித்த ஆய்வுகள் இதுவரை பெரிதும் இரு களங்களில் நிகழ்ந்து வந்துள்ளன. படத்தின் கதை, உரையாடல், பாடல் ஆகியவற்றைப் பிரதியாகக் கொண்டு ஆராய்வது ஒன்று; கொட்டகையில் கூடிய மக்கள்திரளை முன்வைத்துச் சினிமாவின் சமூக, அரசியல் ஆற்றலை மதிப்பிடுவது மற்றொன்று. கா. சிவத்தம்பியும் தியடோர் பாஸ்கரனும் 1981இல் வெளியிட்ட நூல்கள், எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். குறித்து வெளியிட்ட நூல் ஆகியன இரண்டாவது களத்தை உறுதிப்படுத்தியவை. ஆனால் ஒரு படம் எவ்வடிவில், யார் கையில், எவ்வளவு காலத்திற்கு இருக்கிறது என்னும் வினா இவ்விரு களங்களிலும் முதன்மை பெறவில்லை. கொட்டகைக் காலத்தில் அதற்குத் தேவையும் எழவில்லை. படச்சுருள் விநியோகத்தரிடம் இருந்தது. பார்வையாளரிடம் இருந்தது நினைவும் பாட்டுப்புத்தகமும் மட்டுமே.

இன்று நிலைமை வேறு. இணைய இணைப்பு கிடைக்கும் வேளையில் படத்தைக் கைப்பேசியில் இறக்கிவைத்துக்கொண்டு, இணைப்பில்லாத வேளையில் காண்பது அன்றாட வழக்கமாகிவிட்டது. இவ்வாறு இறக்கிவைக்கப்படும் படம் பார்ப்பவரின் உடைமைபோலத் தோற்றமளித்து, உடைமையாகாமலே இருந்து, குறித்த நாளில் மறைந்துவிடுகிறது. தமிழைக் காதால் மட்டுமே பேணிவரும் எல்லைப்புறத் தமிழருக்கும், திரைப்படத்தைப் பிரதியாகக் கொள்ளும் ஆய்வாளருக்கும் இது ஒரே வகையான இழப்பை உண்டாக்குகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதற்குரிய களமாகக் கேரளத்தின் இரு தமிழ்ப் பகுதிகள் கொள்ளப்படுகின்றன. ஒன்று, பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரம். மற்றொன்று, இடுக்கி மாவட்டத் தேயிலை, ஏலத் தோட்டங்கள். முன்னது 1956 வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில் இருந்தது. பின்னது திருவிதாங்கூர் மண்ணாக இருந்து, தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு இணைக்க நடந்த போராட்டத்திற்குப் பின்னும் கேரளத்திலேயே நின்றது. வாழ்க்கை நிலையில் இவ்விரு தமிழரும் தம்முள் ஒப்பிடத்தக்கவர் அல்லர். எனினும் தமிழ்ப்படம் இருவருக்கும் வேண்டியதாக இருக்கிறது.

சொல்லாய்வு

பதிவிறக்கம் என்பது பதிவு, இறக்கம் என்னும் இரு சொற்களின் கூட்டு. ஈழத்தமிழர் வழக்கில் தரவிறக்கம் என்பதும் பெருவழக்காக உண்டு. இரண்டும் ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பெயர்ப்புகளே. ஆயினும் தமிழில் இறக்குதல் என்னும் வினைக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. தலைச்சுமையை இறக்கலாம், வண்டிப் பாரத்தை இறக்கலாம். இறக்கியது இறக்கிய இடத்தில் கிடக்கும். இறக்கியவருடையதாக, அல்லது இறக்கிய வீட்டாருடையதாக ஆகும். எனவே பதிவிறக்கம் எனக் கேட்ட அளவில் ஒரு பொருள் நம் வீட்டு வாசலில் வந்து இறங்கிவிட்டது என்னும் எண்ணம் இயல்பாகவே எழுகிறது.

இச்செயலிகளுக்கு முன்பு தமிழ்நாட்டிலும் எல்லை ஊர்களிலும் கைப்பேசிப் பழுதுபார்க்கும் கடைகளில் வேறொரு சொல் வழங்கியது. அங்கு படத்தை ‘ஏற்றித்’ தந்தார்கள். நினைவட்டையை நீட்டினால், கடைக்காரர் தம் கணினியிலிருந்து பாட்டும் படமும் ஏற்றித் தருவார். தெளிவு குறைந்த, சிறுதிரைக்கெனச் சுருக்கிய கோப்புகள் அவை. பெரும்பாலும் திருட்டுப் படிகளே. தமிழக அரசு 2004ஆம் ஆண்டிலேயே குண்டர் தடுப்புச் சட்டத்தின் வரம்பில் திருட்டு வீடியோக் குற்றத்தைச் சேர்த்தது. 2023ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத் திருத்தம், அரங்கில் படத்தைப் பதிவுசெய்வோருக்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், மூன்று இலட்ச ரூபாயில் தொடங்கித் தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை தண்டமும் விதித்தது. இதில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை; பலருடைய உழைப்பைத் திருடுவது திருட்டே. ஆனால் ஏற்றித் தரப்பட்ட படம் அட்டை பழுதாகும் வரை பார்ப்பவரிடம் இருந்தது என்னும் செய்தியையும் ஆய்வாளன் பதிவுசெய்தாக வேண்டும். பக்கத்து வீட்டாருக்கு அதனைக் கொடுத்து வாங்கவும் முடிந்தது. இணையமின்றியே ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பை மாற்றப் பயன்பட்ட ஷேர்இட், செண்டர் ஆகிய செயலிகள் 2020 ஜூன் மாதம் தடைசெய்யப்பட்ட 59 செயலிகளுள் அடங்கும்.

சட்டத்திற்கு உட்பட்ட பதிவிறக்கம் வேறு வழியில் வளர்ந்தது. யூடியூப் நிறுவனம் 2014 டிசம்பரில் இந்தியாவில் காணொலிகளை இறக்கிவைத்து 48 மணி நேரத்திற்குள் காணும் வசதியை அளித்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவின் விலை வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் நெட்ஃபிளிக்ஸ் இவ்வசதியைச் சேர்த்தது. டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோ இந்தியாவிற்கு வந்தது. தரவு மலிந்த ஆண்டிலேயே, தரவின்றிக் காணும் வழியும் பரவலாயிற்று என்பது நோக்கத்தக்கது. தரவு மலிந்தது நகரத்தில். அலைவரிசை எட்டாத இடங்கள் எட்டாதனவாகவே இருந்தன.

இறக்கிவைத்த கோப்பின் இயல்பை அறிந்தாலன்றி மேற்செல்ல இயலாது. அக்கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டது. அதனைத் திறக்கும் திறவுகோல் தனியே, உரிமம் என்னும் பெயரில், வழங்கியிலிருந்து வருகிறது. உரிமத்திற்குக் காலவரை உண்டு. சில படங்களுக்கு முதன்முறை இயக்கியபின் 48 மணி நேரமே. பிறவற்றிற்கு ஒரு வாரமோ ஒரு மாதமோ இருக்கலாம். சந்தா நின்றாலும், படத்தை வெளியிடும் உரிமை நிறுவனத்திடமிருந்து நீங்கினாலும் திறவுகோல் பயனற்றுப்போகிறது. வீட்டுக்குள் பெட்டி இருக்கிறது. சாவி வெளியூரில் இருப்பவர் கையில் இருக்கிறது. இத்தகையதை இறக்கம் எனக் கூறுவது பொருந்துமா? இரவல் என்பதே பொருந்தும். தமிழ் ஏட்டு மரபில் இரவலுக்குச் சிறப்பிடம் உண்டு. உ.வே. சாமிநாதையர் இரவலாகப் பெற்ற ஏடுகளிலிருந்தே சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். ஆனால் அவ்விரவல் பெயர்த்தெழுத இடந்தந்த இரவல். ஏடு திரும்பிச் சென்றாலும் படி தங்கியது. செயலி தரும் இரவலில் படியெடுத்தல் ஒன்றே விலக்கப்பட்டிருக்கிறது.

கல்பாத்தி

கல்பாத்தியைக் காசியில் பாதி என்பர். இலட்சுமி அம்மாள் என்னும் மூதாட்டி காசியிலிருந்து கொணர்ந்த இலிங்கத்தை இவ்வாற்றங்கரையில் நிறுவுவதற்கு இட்டிக்கொம்பி அச்சன் என்னும் அரசரிடம் 1320 பொற்காசுகளை ஒப்படைத்ததாக வழிவழிச் செய்தி. கோயிலிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் படித்துறையும் காசியை நினைவூட்டுவதே. செல்லமுடியாத இடத்தின் ஒரு பகுதியை வீட்டருகே கொணர்ந்து நிலைநிறுத்திக்கொண்ட ஊர் இது. அங்ஙனம் கொணர்ந்தது அறுநூறு ஆண்டுகளாகக் கருதப்படும் காலம் வரை இடம்பெயராமல் இருக்கிறது.

ஐப்பசி இறுதியில் நிகழும் தேர்த்திருவிழாவில் புதுக்கல்பாத்தி, பழைய கல்பாத்தி, சாத்தபுரம் ஆகிய பகுதிகளின் தேர்கள் விசுவநாதர் தேரோடு வந்து கூடுகின்றன. சென்னை, மும்பை, அயல்நாடுகள் எனப் பிரிந்த குடும்பங்கள் அந்நாள்களில் வீடு திரும்புகின்றன. பிற நாள்களில் இத்தெருவின் பல வீடுகளில் முதியோரே இருக்கின்றனர். விடுமுறைக்கு வரும் பேரன் பேத்தியர் பாட்டியின் கைப்பேசியில் நான்கைந்து படங்களை இறக்கிவைத்துவிட்டுச் செல்வது இன்று காணக்கூடிய காட்சி. கல்பாத்தியில் அலைவரிசைக்குக் குறைவில்லை. எனினும் தேடிக் கண்டுபிடித்து இயக்குவது முதியோர்க்கு எளிதன்று. இறக்கிவைத்தால் தொட்டவுடன் ஓடும். “படம் போயிடுத்துடா, பேரு மாத்திரம் இருக்கு” என்று ஒரு மூதாட்டி தொலைபேசியில் பேரனிடம் முறையிட்டதை இக்கட்டுரையாளர் அருகிருந்து கேட்டதுண்டு. படத்தின் பெயரும் முகப்புப்படமும் பட்டியலில் நிற்க, படம் மட்டும் திறக்க மறுத்தது. பேரன் அடுத்துத் தேருக்கு வரும்வரை அது அங்ஙனமே இருந்திருக்கக்கூடும்.

இம்முறையீட்டைச் சிறிய செய்தியாக ஒதுக்கவியலாது. பாலக்காட்டுத் தமிழர் பலர் வீட்டில் தமிழ் பேசுவோர். பள்ளியில் மலையாளம் பயின்றோர். தமிழ் எழுத்து அவர்களுள் பலருக்கு அயலானது. தமிழ் நூலகமோ வார இதழோ அவர்களைத் தமிழோடு பிணிப்பதில்லை. வீட்டுப் பேச்சு, கோயில், கச்சேரி மேடை, திரைப்படம் ஆகியவையே பிணிக்கின்றன. இவற்றுள் இன்றைய தமிழ்நாட்டுத் தமிழைக் கொணர்வது திரைப்படம் ஒன்றே. பாட்டி பேசும் பாலக்காட்டுத் தமிழுக்கும் மதுரைத் தமிழுக்கும் இடையே பாலமாக இருப்பது அந்த ஐந்தங்குலத் திரைதான்.

சிவத்தம்பியின் கருத்தொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. தமிழர் அனைவரும் சாதிவேறுபாடின்றி ஒரு கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகலைக் களம் சினிமாக் கொட்டகையே என்பது அவர் கருத்து. இதன் வன்மையைக் கல்பாத்தியில் நின்று உணரலாம். 1924ஆம் ஆண்டுத் தேர்த்திருவிழாவின்போது ஈழவர்கள் இத்தெருவில் நடந்ததையொட்டி மோதல் மூண்டது. பொதுத்தெருவில் நடக்கும் உரிமை அக்காலத்தில் சென்னைச் சட்டமன்றம் வரை பேசப்பட்ட சிக்கலாக இருந்தது. தெருவே பொதுவாக இல்லாத ஊரில், சீட்டு வாங்கிய எவரும் அமரக்கூடிய கொட்டகை எத்தகைய மாற்றமாக இருந்திருக்க வேண்டும்! கைப்பேசியில் இறக்கிவைத்த படமோ ஒருவர் மட்டும் காண்பது; காதுப்பொறியை அணிந்தால் அடுத்த அறைக்கும் கேளாது. கூடிக்காணும் பண்பு இதனால் சிதைகிறது என வருந்துவோர் உளர். அவ்வருத்தத்தில் பாதியையே இக்கட்டுரையாளரால் ஏற்க இயலும். கொட்டகையிலும் தரைச்சீட்டும் நாற்காலிச்சீட்டும் தனித்தனியே இருந்தன. மேலும், கொட்டகைக்குச் செல்வதே தகாது எனக் கட்டுண்டிருந்த கைம்பெண்களும், படியேற முடியாத முதியோரும் இன்றுதான் தாம் விரும்பிய படத்தைத் தாமே தெரிவுசெய்து காண்கின்றனர்.

மொழித்தடம்

இணைப்பிலிருந்து காணும்போது படத்திற்குரிய ஒலித்தடங்கள் அனைத்தும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. இறக்கிவைக்கும்போது, இடத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, பல செயலிகளில் ஒன்றிரண்டு மொழித்தடங்களே கோப்போடு சேர்கின்றன. எந்த மொழியில் காண்பது என்பதைப் படத்தைக் காணுமுன்னரே முடிவுசெய்தாக வேண்டும். ஒருமொழி வீட்டில் இது சிக்கலாகத் தோன்றாது. இருமொழி வீட்டில் தோன்றும். பேத்தி மலையாள ஒலியோடு இறக்கிவைத்த தமிழ்ப்படத்தைப் பாட்டி தமிழுக்கு மாற்ற இயலாது.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ இச்சிக்கலை வேறொரு நிலையில் விளக்கக்கூடியது. 2023 ஜனவரியில் அரங்குகளிலும் அடுத்த மாதம் நெட்ஃபிளிக்ஸிலும் வெளியான இப்படத்தில், வேளாங்கண்ணி சென்று திரும்பும் மலையாளிகளுள் ஒருவரான ஜேம்ஸ், பேருந்திலிருந்து இறங்கி ஒரு தமிழ்ச் சிற்றூருக்குள் நடந்து, அவ்வூரிலிருந்து காணாமற்போன சுந்தரமாகவே பேசவும் வாழவும் தொடங்குகிறார். மம்மூட்டி இருவராகவும் நடிக்கிறார் என்பதைவிட, ஒருவர் மொழியிலிருந்து மற்றவர் மொழிக்குள் நுழைகிறார் என்பதே சரி. படம் முழுவதும் எங்கிருந்தோ பழைய தமிழ்ப் பாடலும் திரை உரையாடலும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. கண்பார்வையற்ற தாய் தொலைக்காட்சியின் முன்னமர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். படத்தின் பின்னணியிசை என ஒன்று இருக்குமாயின் அது தமிழ்த்திரையின் ஒலியே. இரு மொழிகளுக்கிடையிலான இடைவெளியே கதையாக அமைந்த படத்தை ஒற்றைமொழியாக்கினால் ஜேம்ஸும் சுந்தரமும் ஒருவரேயாகி விடுவர், கதையே இல்லை. பதிவிறக்கப் பெட்டியில் ‘மொழியைத் தெரிவுசெய்க’ என்னும் வரி எளிய தொழில்நுட்ப வினாவாகத் தோன்றுகிறது. அவ்வினா கல்பாத்தி வீடு போன்ற வீட்டை எண்ணிப்பார்த்து அமைக்கப்பட்டதன்று.

ஒலிக்கும் பாலக்காட்டுக்கும் உள்ள உறவு பற்றி இடையில் ஒன்று கூறலாம். சாத்தபுரம் சுப்பையரிடம் பயின்ற பாலக்காடு மணி ஐயர் ஒலிபெருக்கி வழியே மிருதங்கம் ஒலிப்பதை ஏற்காதவர். கருவி கேட்பவனுக்கும் வாசிப்பவனுக்கும் இடையே புகக்கூடாது என அவர் கருதினார் போலும். அவருடைய வாசிப்பை இன்றைய தலைமுறை பதிவுகளின் வழியே, பெரும்பாலும் கைப்பேசியில், கேட்கிறது.

சிறுதிரையில் மலை

இடுக்கித் தோட்டப்பகுதிகளில் பதிவிறக்கம் வசதியாகவன்றித் தேவையாகவே இருக்கிறது. மலைமடிப்புகளில் அலைவரிசை ஓரிடத்தில் கிடைக்கும். பத்தடி தள்ளி நின்றால் கிடைக்காது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் இணையவழி வகுப்புக்காகத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் அலைவரிசை தேடி நெடுந்தொலைவு சென்றது செய்தியாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் நிலச்சரிவு நேர்ந்து, பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினராகிய எழுபது பேர் மாண்டனர்; மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால் மறுநாள் காலையிலேயே செய்தி வெளியுலகை எட்டியது. அலைவரிசையின்மை என்பது இம்மக்களுக்குப் பொழுதுபோக்குக் குறைபாடு மட்டுமன்று என்பதை மறவாமல்தான் படத்தைப் பற்றிப் பேச வேண்டும். கடைவீதிக்கு இறங்கும் நாளில் படத்தை இறக்கிக்கொண்டு லயத்திற்கு ஏறுவது அவர்களுடைய வழக்கம்.

தேனி மலையடிவாரத்திற்கும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கும் இடையே சுமைதூக்குவோரைப் பற்றியதே லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. 2018 ஆகஸ்டில் வெளிவந்த இப்படத்தை விஜய் சேதுபதி தயாரித்தார். தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்தார். ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்னும் ரங்கசாமியின் ஆசையே கதை. இதனை அரங்கிலும், பின்னர்க் குறைந்த தெளிவில் கைப்பேசியிலும் கண்டபோது இக்கட்டுரையாளருக்குத் தோன்றிய வேறுபாடுகள் சில.

இப்படத்தில் மலை பின்புலம் அன்று, பாத்திரம். மனிதர் திரையின் ஒரு மூலையில் புள்ளியாக ஏறிவர, எஞ்சிய பரப்பெல்லாம் மலையாக நிற்கும் சட்டகங்கள் பல. நடையின் நீளமும் சுமையின் பாரமும் அந்த அளவு வேறுபாட்டினாலேயே உணர்த்தப்படுகின்றன. கைப்பேசித் திரையில் அப்புள்ளி மறைந்துவிடுகிறது. மனிதனற்ற மலை அழகிய காட்சியாகிறது, நாள்காட்டிப் படம்போல. நெட்ஃபிளிக்ஸ் 2019இல் இந்தியாவில் தொடங்கிய கைப்பேசிக்கு மட்டுமான திட்டம் 480 வரித் தெளிவையே தருவது. 199 ரூபாயாக இருந்த அதன் கட்டணம் 2021 டிசம்பரில் 149 ஆயிற்று. எளியோர் கையில் சேரும் படம் பெரும்பாலும் இத்தகைய தெளிவினதே. கோப்பைச் சுருக்கும்போது நுண்விவரங்களே முதலில் கழிக்கப்படுகின்றன. பனியும் புல்வெளியும் பட்டைபட்டையாகப் பிரிந்துவிடுகின்றன. ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு சிதறும் இடத்தில் சிதறியவை காய்களாகத் தெரிவதில்லை. அவனுடைய சேமிப்பு முழுவதும் அங்கே சிந்துகிறது என்பதை முகத்தைக் கண்டே ஊகிக்க வேண்டியுள்ளது.

இறுதிக்காட்சியில் இவ்விழப்பு உச்சமடைகிறது. நிலத்தை இழந்த ரங்கசாமி, அந்நிலத்தில் எழுந்த காற்றாலைக்குக் காவலாளாக அமர்ந்திருக்கிறார். ஒளிப்படக்கருவி மேலே மேலே எழ, அவர் சிறுத்துக்கொண்டே செல்கிறார். அரங்கில் பார்வையாளர் கண் அவரை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். காணாமற்போகும் கணம் வரை தேடும். அத்தேடலே படத்தின் முடிவு. கைப்பேசியிலோ ஒளிப்படக்கருவி எழத் தொடங்கியவுடனேயே அவர் இல்லாமற்போகிறார். தேடுவதற்கு நேரமில்லை. யாரைப் பற்றிய படமோ அவர்களுடைய கையில் சேரும் வடிவத்தில், அவர்களே முதலில் அழிகின்றனர்.

மறுபுறமும் உண்டு. காதுப்பொறி வழியே கேட்கையில் மலையேறுவோரின் மூச்சு அரங்கில் கேட்டதைவிட அணுக்கமாகக் கேட்டது. முதியவர் ஒருவர் சுமையைப் பிறரிடம் தர மறுத்து ஏறும் பகுதியில் காட்சியைவிட மூச்சே பேசுகிறது. சிறுதிரை எல்லாவற்றையும் சிறுமைப்படுத்துகிறது எனக் கூறிவிட இயலாது.

ஆய்வாளர் கையில் பிரதி

வால்டர் பெஞ்சமின் இயந்திரப் படியாக்கம் பற்றி 1930களில் எழுதியபோது, படி என்பது மூலத்தின் தனித்தன்மையைக் குலைத்து, அதே வேளையில் பார்ப்பவன் இருக்குமிடத்திற்கே கலையைக் கொண்டுசேர்ப்பது எனக் கருதினார். வந்துசேர்ந்த படி திரும்பிப்போகும் என அவர் எண்ணவில்லை. தொல்காப்பிய மரபியலும் முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து வழிநூலை நால்வகையாக்கியதே தவிர, காலவரையுள்ள படி என ஒன்றைக் கருத வேண்டிய தேவை அதற்கு ஏற்படவில்லை.

இன்று ஆய்வு மாணவர் ஒருவர் இணையத்தளத்தில் மட்டுமே கிடைக்கும் ஒரு படத்தை ஆய்வுப்பொருளாகக் கொள்வாராயின், அவர் இறக்கிவைத்த கோப்பு ஆய்வேடு முடிவதற்குள் பலமுறை காலாவதியாகிவிடும். நேர்முகத் தேர்வில் புறத்தேர்வாளர் ஒரு காட்சியைக் காட்டச் சொன்னால் காட்டுவதற்கு ஒன்றுமிராது. சட்டம் இதற்குத் தடையாக இருக்கிறதா என்றால், முழுமையாக இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப்பயன்பாட்டையும் திறனாய்வையும் நியாயமான கையாள்கையாக ஏற்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 65அ பிரிவு காப்புப்பூட்டை உடைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறை விதித்தபோதிலும், சட்டம் வெளிப்படையாக விலக்காத நோக்கத்திற்காகச் செய்வதை அதிலிருந்து நீக்குகிறது. ஆக, சட்டம் ஒரு சிறுகதவைத் திறந்துவைத்திருக்கிறது. அக்கதவு வழியே செல்லும் கருவி ஆய்வாளரிடம் இல்லை. கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2024 மார்ச்சு 7ஆம் நாள் தொடங்கிய சி ஸ்பேஸ் என்னும் தளமும், ஒரு படத்திற்கு 75 ரூபாய் பெற்றுக் காட்டுவதாகவே அமைந்தது. அரசுத் தளமாயினும் அது திரையரங்கின் வழியில் நடப்பதேயன்றி நூலகத்தின் வழியில் நடப்பதன்று. மாவட்ட நூலகத்தில் ஒரு படி வைத்துக்கொள்ளும் வழியை அரசுத்தளமேனும் எண்ணிப் பார்க்கலாம். பாலக்காட்டு நூலகத்தில் தமிழ்ப்படமும், மூணாற்று நூலகத்தில் தமிழ்ப்படமும் அங்ஙனம் இருக்குமாயின், மேற்கண்ட மூதாட்டி பேரனை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

படங்கள் அழியும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ படத்தின் சுருள் கிடைக்கவில்லை. அகஸ்தீசுவரத்துத் தமிழரான ஜே.சி. டேனியல் எடுத்த, மலையாளத்தின் முதற்படமாகிய ‘விகதகுமாரன்’ அழிந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1938இல் எடுத்த ‘பாலன்’ அழிந்தது. தென்னிந்திய மௌனப்படங்களுள் எஞ்சியதாக எடுத்துக்காட்டப்படுவது நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து 1933இல் வெளிவந்த ‘மார்த்தாண்ட வர்மா’. சி.வி. இராமன்பிள்ளையின் நாவலைப் பதிப்பித்த கமலாலயப் புத்தக நிலையம் உரிமை கோரி வழக்குத் தொடுத்தமையால், வெளியான உடனேயே படச்சுருள் பறிமுதலாயிற்று. எவரும் அதனைத் திரையிட இயலாமற்போனது. ஆனால் சுருள் பதிப்பகத்தாரிடம் கிடந்தது. 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் சென்று கேட்டபோது, எடுத்துத் தருவதற்கு அங்கே பெட்டிகள் இருந்தன.